கைத்தொலைபேசிக் கதிர்ப்பு: அச்சமும் அளவும்

நமது கல்லூரியின் விழா மலருக்கு விஞ்ஞான சம்பந்தமான கட்டுரையொன்று வரைந்து தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபொழுது, எப்பொருளை எடுத்துக்கொள்வது என்று நாம் சிறிது சிந்திக்க வேண்டியதாயிற்று. விண்வெளிப் பிரயாணம் பற்றியும் அணுச்சத்தி பற்றியும் எழுதவல்லார் பலர் உளர். ஆயின் அவை நமக்குச் சேய்மையில் உள்ளவை. இம்மலரைக் கையிலேந்தி வாசிப்போருள் ஏறக்குறைய ஒவ்வொருவரிடமும், வானொலி அலைகளைப் பரப்பும் பொறியும் வாங்கும் பொறியும் ஒருங்கே அடங்கிய சிறு கருவியொன்று இருக்கின்றது. பழைய மாணவர் தம் பேரப்பிள்ளைகளோடு உரையாடுவதும், மாணவர் தம் பாடங்களைத் தேடிப் படிப்பதும் இன்று அக்கருவியின் துணைகொண்டேயாம். அது வெளிவிடும் கதிர்ப்பு நம் உடலுக்குத் தீங்கு செய்யுமா என்னும் வினாவையே ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

இவ்வினாவை நம்மிடம் எழுப்பியவர் ஒருவர். சில காலத்துக்கு முன்னர் ஒரு மாலைவேளையில், நம்மிடம் படித்த மாணவர் ஒருவர் நம் இல்லம் தேடி வந்தார். அவர் இன்று இரு பிள்ளைகளின் தந்தை. "மாஸ்ரர், எங்கள் குறிச்சியில் ரெலிபோன் கோபுரம் ஒன்று எழுப்பப் போகிறார்களாம். அதன் கதிர் பிள்ளைகளின் மூளையைத் தாக்கும் என்று சொல்லுகிறார்கள். அதனை நிறுத்தும்படி மனு எழுதியிருக்கிறோம். நீங்கள் பௌதிகம் படிப்பித்தவர்கள். உங்கள் கையெழுத்து முதலாவதாக இருந்தால் எடுபடும்" என்று கூறி மனுவை நீட்டினார். அவருடைய கவலை உண்மையானது. பிள்ளைகள்மீது கொண்ட அன்பினாற் பிறந்தது. ஆனால் அவர் படலையடியில் வந்து இறங்கியபொழுது நாம் கண்ட காட்சி வேறு. தலைக்கவசத்துக்கும் காதுக்கும் இடையே தொலைபேசியைச் செருகி, பேசிக்கொண்டே மோட்டார் சைக்கிளைச் செலுத்தி வந்தார். அன்று நாம் கையெழுத்திடவில்லை. "படித்துப் பார்த்துச் சொல்லுகிறோம்" என்று அனுப்பினோம். திரும்பிச் செல்லும்போதும் அவர் பேசிக்கொண்டே சென்றார். நாம் படித்து அறிந்தவற்றின் சுருக்கமே இக்கட்டுரை.

கதிர்ப்பு என்பது யாது?

கதிர்ப்பு என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே நம் மனம் ஹிரோஷிமாவையும் செர்னோபிலையும் நினைந்து நடுங்குகின்றது. அந்நடுக்கத்திற்குக் காரணம் உண்டு. 1895ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ரொண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அதன் கொடுமையை அறியாது அதனுடன் பழகிய முன்னோடிகள் பலர் கைவிரல்களை இழந்தனர், உயிரையும் இழந்தனர். எடிசனின் உதவியாளராக எக்ஸ் கதிர்ச் சோதனைகளில் ஈடுபட்ட கிளாரன்ஸ் டாலி என்பவர் 1904ஆம் ஆண்டில் அக்கதிரால் விளைந்த புற்றுநோயினால் இறந்தார். ஆதலின் கண்ணுக்குப் புலனாகாத கதிரை ஐயுறுதல் அறிவின்மை அன்று.

எனினும், எல்லாக் கதிரும் எக்ஸ் கதிர் அல்ல. ஒளியும், ஒரு மின்காந்த அலையே என்பதை 1865ஆம் ஆண்டில் வெளியான தம் கொள்கையால் மக்சுவெல் காட்டினார். கண்ணுக்குத் தோன்றாத நீண்ட மின்காந்த அலைகளை 1887, 1888ஆம் ஆண்டுகளில் ஹேட்ஸ் என்பவர் ஆய்வுகூடத்திலே உண்டாக்கி மெய்ப்பித்தார். வானொலி அலை, நுண்ணலை, வெப்பக் கதிர், கட்புலனாகும் ஒளி, ஊதாக் கடந்த கதிர், எக்ஸ் கதிர், காமாக் கதிர் ஆகிய யாவும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. அவற்றை வேறுபடுத்துவது மீடிறன் ஒன்றே; அதாவது, ஒரு செக்கனில் நிகழும் அலைவுகளின் எண்ணிக்கை. கைத்தொலைபேசி பயன்படுத்தும் அலைகள் பெரும்பாலும் 700 மெகாஹேட்ஸ் தொடக்கம் 3,500 மெகாஹேட்ஸ் வரையான மீடிறன்களைக் கொண்டவை. இவை வானொலி அலைகளும் நுண்ணலைகளும் ஆம்.

மீடிறன் வேறுபட்டால் விளைவு ஏன் வேறுபட வேண்டும்? இதற்கு விடை தந்தவர்கள் 1900ஆம் ஆண்டில் பிளாங்கும் 1905ஆம் ஆண்டில் ஐன்ஸ்டீனும் ஆவர். கதிர்ப்பின் சத்தி தொடர்ச்சியாக அன்றிச் சிறு சிறு பொதிகளாகவே பொருளினால் உறிஞ்சப்படுகின்றது. ஒவ்வொரு பொதியின் சத்தியும் மீடிறனுக்கு நேர்விகிதசமமானது. ஓர் அணுவிலிருந்து இலத்திரனைப் பிரித்தெடுக்க, அஃதாவது அயனாக்க, ஒரு பொதியிற் சுமார் 10 இலத்திரன் உவோற்றுச் சத்தியேனும் வேண்டும். எக்ஸ் கதிரின் ஒரு பொதியில் ஆயிரக்கணக்கான இலத்திரன் உவோற்றுக்கள் உள. 900 மெகாஹேட்ஸ் அலையின் ஒரு பொதியிலோ, ஓர் இலத்திரன் உவோற்றை பத்து இலட்சம் கூறுகளாக்கினால் அவற்றுள் ஏறத்தாழ நான்கு கூறுகளே உண்டு. அயனாக்கத்திற்கு வேண்டிய அளவு இதனைப்போல் 25 இலட்சம் மடங்குக்கும் மேற்பட்டது. நாம் இரவிற் படிக்கும் விளக்கின் பச்சை ஒளிப் பொதி ஒன்றே இவ்வானொலிப் பொதியினும் ஆறு இலட்சம் மடங்கு சத்தி வாய்ந்தது.

இதனை ஓர் உவமையால் விளக்குவோம். பனையின் வட்டில் நிற்கும் பனங்காயை ஒரு கல்லால் எறிந்து விழுத்தலாம். கல்லுக்குப் பதிலாக எள்ளை அள்ளி எறிந்தால் என்ன நிகழும்? ஒரு மூட்டை எள்ளை எறிந்தாலும் காய் விழாது. ஏனெனில் காம்பை முறிக்கும் வலிமை எந்த ஓர் எள்ளிலும் இல்லை. எள்ளின் தொகையைப் பெருக்கினால் ஒவ்வோர் எள்ளின் வலிமை பெருகுவதில்லை. அவ்வாறே, உயிர்க்கலங்களின் மரபுப் பொருளிலுள்ள பிணைப்புகளை நேரே முறிக்கும் ஆற்றல் கைத்தொலைபேசி அலைகளின் எந்தப் பொதிக்கும் இல்லை. 5ஜி என வழங்கும் புதிய முறையின் 3,500 மெகாஹேட்ஸ் அலைக்கும் இது பொருந்தும். அதன் பொதியும் அயனாக்கத்துக்கு வேண்டிய அளவில் ஏறத்தாழ ஏழு இலட்சத்தில் ஒரு பங்கேயாம். இவ்வியல்பு பற்றியே இவற்றை அயனாக்காக் கதிர்ப்பு என வகுப்பர்.

வெப்பமும் அதன் எல்லையும்

அங்ஙனமாயின் இவ்வலைகள் உடலில் யாதொரு விளைவையும் உண்டாக்கா என்று கொள்ளலாமோ? கொள்ளலாகாது. எள் பனங்காயை விழுத்தாவிடினும், ஓயாது எறியப்படின் அதனை அசைக்கும். வானொலி அலைகள் நம் உடலிலுள்ள நீர் மூலக்கூறுகளை அசைத்து வெப்பத்தை உண்டாக்குகின்றன. நுண்ணலை அடுப்பிற் சோறு சூடாவது இம்முறையாலேயே. ஆனால் அவ்வடுப்பின் வலு பல நூறு உவாற்று. கைத்தொலைபேசியின் வலுவோ மிகச் சிறிது. பழைய 2ஜி முறைத் தொலைபேசி 900 மெகாஹேட்சில் உச்சமாக 2 உவாற்று வலுவுடன் அலை பரப்பும். அதுவும் நேரத்தின் எட்டில் ஒரு பங்கிலேயே பரப்புவதால் சராசரி கால் உவாற்றாகும். 4ஜி முறைத் தொலைபேசியின் உச்ச வலு பொதுவாக ஓர் உவாற்றின் ஐந்தில் ஒரு பங்கு.

உடல் இவ்வலைகளை உறிஞ்சும் அளவைத் தன்னுறிஞ்சல் வீதம் என்பர். ஒரு கிலோகிராம் இழையம் எத்தனை உவாற்று வலுவை உறிஞ்சுகின்றது என்பதே இதன் பொருள். உடல் முழுவதும் கிலோகிராமுக்கு 4 உவாற்று வீதம் அரைமணி நேரமளவு உறிஞ்சினால் உடல் வெப்பநிலை சுமார் ஒரு பாகை உயரும் என்று கணித்துள்ளனர். அதனைத் தீங்கின் வாயிலெனக் கொண்டு, பொதுமக்களுக்கு அதில் ஐம்பதில் ஒரு பங்கான 0.08 உவாற்றையே எல்லையாக அயனாக்காக் கதிர்ப்புப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணைக்குழு 1998ஆம் ஆண்டில் விதித்தது. தலையின் ஒரு சிறு பகுதியில் மாத்திரம் படும் கதிர்ப்புக்கு, 10 கிராம் இழையத்தின் சராசரியாகக் கிலோகிராமுக்கு 2 உவாற்று என்பது அதன் எல்லை. ஐக்கிய அமெரிக்காவின் எல்லை, ஒரு கிராம் இழையத்தின் சராசரியாக, 1.6 உவாற்று. இந்தியாவும் 2012ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் இந்த 1.6 உவாற்று எல்லையையே மேற்கொண்டது. சர்வதேச ஆணைக்குழு 2020ஆம் ஆண்டில் தன் விதிகளை மீளாய்ந்தபொழுதும் 0.08, 2 என்னும் இவ்விரு எல்லைகளையும் மாற்றவில்லை.

நெடுநேரம் பேசியபின் காது சுடுகின்றதே, அது கதிர்ப்பினால் அன்றோ என்று கேட்போர் உளர். அச்சூட்டின் பெரும்பங்கு கருவியினுள்ளே உள்ள பற்றரியாலும் மின்சுற்றாலும் வருவது. காதைக் கருவி மூடிக் காற்றோட்டத்தைத் தடுப்பதும் ஒரு காரணம். அலைகளால் மூளையில் ஏற்படக்கூடிய வெப்ப உயர்வு பாகையில் பத்தில் ஒன்று அளவினதே. வெயிலில் ஒரு தெரு நடந்து வந்தால் நம் உடல் அதனினும் பெரிய மாற்றத்தைத் தாங்கிச் சமன் செய்கின்றது.

கோபுரமா, கையிலுள்ள கருவியா?

இனி, நம் மாணவரின் மனுவுக்கு வருவோம். கோபுரம் உயரமானது, எவர் கண்ணிலும் படுவது, அன்னியர் ஒருவர் வந்து நாட்டுவது. கைத்தொலைபேசியோ நாம் விரும்பி வாங்கியது. ஆதலின் அச்சம் கோபுரத்தின்மேற் செல்லுதல் மனித இயல்பு. பௌதிகம் கூறுவதோ இதற்கு மாறானது.

ஓரிடத்திலிருந்து பரவும் அலையின் செறிவு, தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறையும். தூரம் இருமடங்கானால் செறிவு நான்கில் ஒன்றாகும். பத்து மடங்கானால் நூறில் ஒன்றாகும். கோபுரத்தின் அலைபரப்பிகள் உச்சியிலே பொருத்தப்பட்டு, பெரும்பாலும் கிடையாகத் தொலைவு நோக்கி அலைகளை அனுப்புவன. அதன் அடியில் நிற்பவர்மீது விழுவது அற்ப அளவே. உலக சுகாதார ஸ்தாபனம் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட குறிப்பின்படி, பொதுமக்கள் நடமாடும் இடங்களில் இத்தகைய நிலையங்களிலிருந்து வரும் கதிர்ப்பு, சர்வதேச எல்லையின் 0.002 சதவீதம் முதல் 2 சதவீதம் வரையே காணப்பட்டது. தலையோடு ஒட்டிப் பிடிக்கும் கருவியிலிருந்து வருவது இதனினும் எத்தனையோ மடங்கு மிகுதி.

இங்கே அறிந்துகொள்ள வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. கைத்தொலைபேசி எப்பொழுதும் ஒரே வலுவுடன் அலை பரப்புவதில்லை. கோபுரம் அண்மையில் இருந்து சமிக்ஞை தெளிவாகக் கிடைத்தால், தன் வலுவை உச்சத்தின் நூறில் ஒரு பங்குக்குங் கீழே அது தானாகவே தணித்துக்கொள்ளும். கோபுரம் தொலைவில் இருந்தாலோ, தடித்த சுவர்களாற் சமிக்ஞை மறைக்கப்பட்டாலோ, உச்ச வலுவுக்கு உயரும். நாலு முழ தூரத்தில் இருப்பவருடன் மெல்லப் பேசுகின்ற நாம், வயலின் மறுகரையில் நிற்பவரைக் கூவி அழைப்பதில்லையா? கருவியும் அவ்வாறே செய்கின்றது. ஆகவே, கோபுரத்தை ஊரெல்லைக்கு அப்பால் துரத்திவிட்டுத் தொலைபேசியை மாத்திரம் கைவிடாதிருப்பவர், தம் பிள்ளையின் காதோரத்திலுள்ள கதிர்ப்பைக் குறைத்தவர் அல்லர், கூட்டியவராவர். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது நம் முன்னோர் மொழி. 2020ஆம் ஆண்டில், கொரோனா நோயைப் பரப்புவது 5ஜி அலையே என்னும் பொய்யை நம்பிப் பிரித்தானியாவிற் சிலர் பல கோபுரங்களுக்குத் தீ வைத்தனர். நோய் பரவிய அந்நாட்களில் நோயாளர் வைத்தியரை அழைப்பதற்குத் துணையாயிருந்த சாதனத்தையே அவர்கள் எரித்தனர்.

புற்றுநோய் வருமா?

யாவரும் பெரிதும் அஞ்சுவது மூளைப் புற்றுநோயை. இது குறித்து ஆதாரங்கள் கூறுவதை ஒழுங்காக நோக்குவோம்.

2011ஆம் ஆண்டு மே மாதத்தில், பிரான்சின் லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் 14 நாடுகளைச் சேர்ந்த 31 அறிஞர் கூடி ஆராய்ந்து, வானொலி அலைக் கதிர்ப்பை '2பி' என்னும் பிரிவில் வைத்தனர். 'புற்றுநோயை விளைவித்தல் கூடும்' என்பது அதன் பொருள். இச்செய்தி உலகெங்கும் பத்திரிகைகளில் வெளிவந்து பெருங்கிலியை உண்டாக்கிற்று. ஆனால் அப்பிரிவின் இயல்பை விளக்கியோர் சிலரே. ஆதாரம் குறைவாகவும் உறுதியற்றதாகவும் இருந்து, முற்றாகத் தள்ளவும் இயலாதபோது ஒரு பொருளை அப்பிரிவில் இடுவர். பின்னர் சோற்றுக் கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பிரிவில் இடப்பட்டது. அது மட்டுமன்று: இப்பிரிவுகள் ஆதாரத்தின் உறுதியைக் காட்டுவனவே அன்றி, ஆபத்தின் அளவைக் காட்டுவன அல்ல.

உறுதியாகப் புற்றுநோயை விளைப்பவை முதலாம் பிரிவில் உள்ளன. புகையிலைப் புகை அங்கே உண்டு. 2004ஆம் ஆண்டில் அந்நிலையம் வெளியிட்ட நூலின்படி, புகையிலை கலந்த தாம்பூலம் மாத்திரமன்றி, புகையிலை கலவாத தாம்பூலமும், பாக்குத் தானும் முதலாம் பிரிவைச் சேர்ந்தவை. இலங்கை ஆண்களைப் பீடிக்கும் புற்றுநோய்களுள் வாய்ப் புற்றுநோய் முன்னணியில் நிற்கின்றது. வெற்றிலைத் தட்டத்தை முன்வைத்துக்கொண்டு, பாக்கை மென்றவாறே கோபுரத்தின் கொடுமையைப் பேசும் சபைகளை நாம் அறிவோம். அச்சபைகளிற் சில வேளைகளில் நாமும் இருந்துள்ளோம் என்பதை மறைப்பதற்கில்லை.

ஆராய்ச்சிகள் பலவற்றுள் முக்கியமான சிலவற்றைக் கூறுவோம். 13 நாடுகளிற் செய்யப்பட்டு 2010ஆம் ஆண்டில் வெளியான 'இன்டர்போன்' ஆய்வு, கைத்தொலைபேசிப் பாவனையாளருக்குப் பொதுவாக மூளைக் கட்டி மிகுதியாக வரக் காணவில்லை. ஆயினும் மொத்தமாக 1,640 மணித்தியாலத்துக்கு மேற் பேசியதாகக் கூறியோரிடையே ஒருவகைக் கட்டி சுமார் 40 சதவீதம் மிகுந்து காணப்பட்டது. ஆனால் இத்தகைய ஆய்விலே நோயுற்றோர் தம் பழைய பழக்கத்தை நினைவிலிருந்து கூறுகின்றனர். அப்பிரிவினருட் சிலர் நாள்தோறும் ஐந்து மணித்தியாலத்துக்கு மேற் பேசியதாக நம்பத்தகாத கணக்கும் கூறினர். ஆதலால் அவ்வாய்வாளரே தம் முடிவை உறுதியென்று கொள்ளவில்லை.

நினைவை நம்பாது, முன்கூட்டியே மக்களைப் பதிந்து பல்லாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகளும் உள. டென்மார்க்கில் 1982 முதல் 1995 வரை தொலைபேசி இணைப்புப் பெற்ற நாலு இலட்சத்துக்கு மேற்பட்டோரைத் தொடர்ந்த ஆய்விலும், பிரித்தானியாவில் ஏழு இலட்சத்து எழுபத்தாறாயிரம் பெண்களைத் தொடர்ந்து 2022ஆம் ஆண்டில் வெளியான ஆய்விலும், மூளைக் கட்டி மிகுந்ததாகக் காணப்படவில்லை. 10 வயது முதல் 24 வயது வரையான இளைஞரைக் குறித்து 14 நாடுகளிற் செய்யப்பட்டு 2022இல் வெளியான ஆய்வும் கைத்தொலைபேசிக்கும் கட்டிக்கும் காரண காரியத் தொடர்பு காணவில்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தின் வேண்டுகோளின் பேரில் 1994 முதல் 2022 வரை வெளியான 63 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, 2024ஆம் ஆண்டு செப்டெம்பரில் வெளியான மீளாய்வின் முடிவும் அதுவே. பத்து ஆண்டுகளுக்கு மேற் பயன்படுத்தியோரிடத்தும் மூளைப் புற்றுநோய் மிகவில்லை.

எதிர்ப்பக்கத்து ஆதாரத்தையும் கூறாது விடுதல் நேர்மையாகாது. ஐக்கிய அமெரிக்காவில் 2018ஆம் ஆண்டில் நிறைவுற்ற எலிச் சோதனையிலே, நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரமாக இரண்டு ஆண்டுகள் கதிர்ப்புக்கு உட்பட்ட ஆண் எலிகளின் இருதயத்தில் ஒருவகைக் கட்டி மிகுந்தது. ஆனால் அவற்றின் உடல் முழுவதும் பெற்ற கதிர்ப்பு, கிலோகிராமுக்கு 6 உவாற்று வரை, அதாவது பொதுமக்களின் முழுவுடல் எல்லையைப்போல் எழுபத்தைந்து மடங்கு வரை உயர்த்தப்பட்டிருந்தது. பெண் எலிகளில் அவ்வுறுதியான விளைவு தோன்றவில்லை. கதிர்ப்புப் பெற்ற ஆண் எலிகள், பெறாதவற்றிலும் நீண்ட நாள் வாழ்ந்தன என்பதும் அவ்வாய்விற் கண்டதே. ஆகவே இதனைக் கொண்டு மனிதருக்கு முடிபு கூறுதல் அரிது. ஆராய்ச்சி தொடர வேண்டும் என்பதற்கு இது சான்று.

உண்மையான ஆபத்து எங்கே?

இதுகாறும் கூறியவற்றால், கைத்தொலைபேசி ஆபத்தற்றது என்று நாம் சாதிப்பதாக வாசகர் எண்ணற்க. அதனால் மக்கள் இறக்கின்றனர்; ஆனால் கதிர்ப்பினால் அன்று. 1997ஆம் ஆண்டில் வெளியான கனடா நாட்டு ஆய்வொன்று, விபத்துக்குள்ளான 699 சாரதிகளின் தொலைபேசிப் பதிவுகளை ஆராய்ந்து, தொலைபேசியிற் பேசும்போது விபத்து நேரும் வாய்ப்பு நான்கு மடங்காகின்றது என்று கண்டது. உலக சுகாதார ஸ்தாபனமும் அந்நான்கு மடங்கையே எடுத்துரைக்கின்றது. கையிற் பிடியாது காதொலிக் கருவியாற் பேசினாலும் அவ்வாபத்துக் குறையவில்லை என்பதையும் அவ்வாய்வு காட்டிற்று. ஏனெனில் தவறுவது கை அன்று, கவனம். ஒரு பக்கம் முப்பது ஆண்டுகள் தேடியும் உறுதிப்படாத ஒரு தீங்கு. மறுபக்கம் ஒரு கணத்தில் நிகழ்ந்து ஒரு குடும்பத்தையே இருளில் ஆழ்த்தும் தீங்கு. முன்னதற்கு மனு எழுதுகின்றோம். பின்னதைப் பொருட்படுத்தாது வீதியில் இறங்குகின்றோம்.

வீதியை அடுத்து வருவது உறக்கம். நள்ளிரவு வரை தொலைபேசித் திரையை நோக்கியிருந்து, காலையில் வகுப்பிற் கண்ணயரும் மாணவரை ஆசிரியர் அனைவரும் அறிவர். அம்மாணவரின் நலனைக் கெடுப்பது தலையணையின் கீழ் வைத்த கருவியின் அலை என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். அக்கருவி பறித்த உறக்கமே என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

செய்யத்தக்கன

ஆதாரம் முழுமையடையாத பொருளில், செலவும் சிரமமும் இன்றிச் செய்யத்தக்க காப்பைச் செய்துகொள்ளுதல் அறிவுடைமை. அவ்வகையிற் கீழ்வருவனவற்றைக் கைக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

1. வாகனம் செலுத்துகையிற் பேசுதலும், செய்தி வாசித்தலும் கூடா. அழைப்பு அவசரமாயின் வண்டியை ஓரமாக நிறுத்திப் பேசுக.

2. நெடுநேரம் பேச வேண்டின் காதொலிக் கருவியையோ ஒலிபெருக்கியையோ பயன்படுத்துக. கருவி தலையிலிருந்து ஒரு முழம் விலகினாலே கதிர்ப்பு வெகுவாகக் குறையும்.

3. சமிக்ஞை மிக மங்கலாயுள்ள இடத்தில் நீண்ட உரையாடலைத் தவிர்த்து, தெளிவான இடத்துக்கு வந்து பேசுக.

4. கதிரைத் தடுக்கும் என்று விற்கப்படும் ஒட்டுத்தாள்களையும் உறைகளையும் வாங்கிப் பணத்தை விரயம் செய்யற்க. அவை சமிக்ஞையை மறைத்தால், கருவி தன் வலுவை உயர்த்தும்.

5. இருதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி பொருத்தியோர், தொலைபேசியை அதனின்றும் 15 சதம மீற்றருக்குக் குறையாத தூரத்தில் வைத்தல் வேண்டும். மார்புப் பையில் வைக்கலாகாது.

6. இரவிற் கருவியைப் படுக்கையறைக்கு வெளியே வைக்குக. தலையணையின் கீழ் வைத்து மின்னேற்றுதல் தீ விபத்துக்கும் இடமாகும். இவ்விதி பிள்ளைகளுக்கு மாத்திரமன்றிப் பெற்றோருக்கும் உரியது.

முடிவுரை

சில நாட்களின் பின் நம் மாணவர் மீண்டும் வந்தார். மேற்கூறியவற்றை ஒவ்வொன்றாக அவருக்கு எடுத்துரைத்தோம். பொறுமையாகக் கேட்டபின், "அப்படியானால், மாஸ்ரர், நாங்கள் கேட்டது பிழையா?" என்றார். கேட்டது பிழை அன்று. கேட்ட முறையே திருந்த வேண்டும் என்றோம். தம் ஊரில் எழும் ஒரு நிலையத்தின் கதிர்ப்பை அறியும் உரிமை மக்களுக்கு உண்டு. ஆகவே 'கோபுரம் வேண்டா' என்னும் மனுவை மாற்றி, 'கோபுரம் இயங்கத் தொடங்கியபின் பாடசாலை வளவிலும் அயல் வீடுகளிலும் கதிர்ப்பை அளந்து, அளவை எல்லையோடு ஒப்பிட்டு ஊரார் அறிய வெளியிடுக' என்று எழுதுமாறு கூறினோம். அவ்வாறு எழுதிய மனுவிற் கையெழுத்திடுவதில் நமக்குத் தடையிருக்கவில்லை. அதனைப் பெற்றுக்கொண்டு புறப்படுகையில் அவர் தொலைபேசியைக் கையில் எடுத்தார். நம்மை ஒருமுறை பார்த்தார். சிரித்துவிட்டு மோட்டார் சைக்கிளின் பையினுள் அதனை வைத்துக்கொண்டு சென்றார்.

மாணவர்களே, நமது கல்லூரியின் பௌதிக ஆய்வுகூடத்தில் உங்களுக்கு முதன்முதலாகக் கற்பிக்கப்படுவது அளத்தலேயாம். கோலையும் தராசையும் கையாளப் பழகுவது பரீட்சைக்காக மாத்திரம் அன்று. அச்சந்தரும் செய்தி ஒன்று வந்து வாயிலிலே நிற்கும்போது, 'எவ்வளவு? எவ்வளவு தூரத்தில்? எதனோடு ஒப்பிட்டு?' என்று வினாவுதற்கே அப்பயிற்சி. அவ்வினாவை மறந்தோர் அஞ்சத்தகாததை அஞ்சி, அஞ்சத்தக்கதை அஞ்சாது விடுவர். பழைய மாணவராகிய நாமும் அவ்வினாவை மறவாதிருப்போமாக.